காலிப் பஸ்ஸுக்குப் பின்னால்

என் டிரைவர் அப்பாவுக்கு,

உன் செல்ல ராட்சசி எழுதுகிறேன். நல்ல சேதி ஒன்று இருக்கிறது. முதலில் உன்னைக் கொஞ்சம் திட்டிவிட்டுச் சொல்கிறேன்.

சைக்கிளே ஓட்டத் தெரியாத மனுஷன் நீ. காலையில் ஒரகடத்தில் கம்பெனி ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, காலிப் பஸ்ஸைப் படப்பைக்குத் திருப்புவாய். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு நான் மிதிப்பேன். எதிர்க்காற்றைப் பஸ் வாங்கிக்கொள்ளும். என் சைக்கிள் பறக்கும். பள்ளம் வந்தால் ஜன்னலுக்கு வெளியே உன் கை நீளும், நான் விலகுவேன். வேறு எந்த அப்பா இப்படிச் செய்வார்?

"பொண்ண பஸ்ஸுக்குப் பின்னால வுட்டு ஓட்டிகினு வர்றியே, உனக்கு அறிவு கீதா?" என்று அம்மா கத்துவாள்.

"காலி வண்டி. உள்கண்ணாடியில அவளத்தான் பாத்துகினு வர்றேன், சும்மா இரு" என்பாய். எதிரே வந்த லாரியை யார் பார்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வேகம்தான் என்னை மாநில அணிக்குக் கொண்டுபோனது. பிறகு மாதச் சம்பளம் தரும் அணிக்கும். சாலைப் பந்தயங்களில் நான் ஜெயித்ததை நீ பார்த்தாய். நீ கண்ணை மூடிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. முன்னால் போகிறவள் விலகியதும் என் கால் செத்துவிடும். தோற்றுக்கொண்டே இருந்தேன். "முன்னாடி ஆள் இல்லன்னா உனக்கு ஓட்ட வராதும்மா" என்று முகத்துக்கு நேரே சொல்லி அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வரும் கோபம் உனக்குத் தெரியாதா? அந்தக் கோபத்திலேயே மலைச் சைக்கிளுக்கு மாறினேன். கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதை. அங்கே யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. முட்டி தேய்ந்ததுதான் மிச்சம் என்று அம்மா புலம்பினாள். இந்தத் தடவையும் தோற்றால் ஏதாவது கம்பெனி லைனில் ஷிப்ட் வேலைக்கு நிற்கப் போவதாக அவளிடம் சொல்லியிருந்தேன்.

போன ஞாயிறு பந்தயம். பாதி ஏற்றத்தில், முன்னால் இருந்தவளைத் தாண்டினேன். அப்புறம் பாதையில் யாருமே இல்லை. கால் சாகவில்லை அப்பா. மிதித்துக்கொண்டே இருந்தேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இன்னாடி, தனியா வர்ற? எல்லாரும் முன்னாடியே போய்ட்டாங்களா? வுடு, போனா போவுது, அழுவாத."

நான்தான் முதல் என்று புரியவைப்பதற்குள் இரண்டாவது ஆள் வந்துவிட்டாள். பிறகு அம்மா அழுத அழுகை இருக்கிறதே, நீ பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது. என்னை நினைத்தும், உன்னை நினைத்தும்.

இனி நான் முன்னால் போகிறேன். நீ நிதானமாகப் பின்னால் வா. பள்ளம் வந்தால் கை காட்டுகிறேன், சத்தியம்.

உன் கண்ணாடிக்குள் வளர்ந்த மகள்,
செல்வி