பத்து நிமிடத்தில் வடித்த மைதானம்

ஆவடி,
திங்கள் காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

மதிவதனியின் வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் சுகம், லேசான சளிதான்.

மழையால் மூன்று முறை தள்ளிப்போன எங்கள் கால்பந்து கிளப்பின் கடைசி ஆட்டம் நேற்று நடந்தது. தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது மறுபடியும் கொட்டியது.

"பத்து நிமிஷத்துல தண்ணி வடியலன்னா ஆட்டம் ரத்து" என்றார் நடுவர்.

"இன்னா பாத்துகினு கீறீங்க? எறங்குங்க!" என்று கத்தினார் செயலாளர் பஷீருதீன் அண்ணன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாளியோடு இறங்கினோம். உட்கார விரித்திருந்த, ஊரிலிருந்து கொண்டுவந்த உங்கள் வாசம் மாறாத போர்வையால் கோல் கம்பத்தின் முன்னால் தேங்கியதை ஒற்றிப் பிழிந்தேன். ஆட்டம் தொடர்ந்தது; ஜெயித்துவிட்டோம்.

போர்வைதான் கிழிந்துபோனது. நீங்கள் இப்போது போர்த்துவதை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

வதனி