நம்ம கடைக் கண்ணாடியில் குடைக்காரர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவின் முழங்கால் சுகம், கடை சுகம், நான் வழக்கம்போல எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதல் சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். இருப்பாய், நம் வீட்டுப் பிள்ளை வேறெப்படி இருக்கும். நீ அம்மாவிடம் போனில் அழுததாகக் கேள்விப்பட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் வெட்டுகிறாய், எழுதினால் முழுதும் கேட்டாக வேண்டும் பார்.

உன் சங்கடம் எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது, நான் யார். நீ படம் போடுகிற அந்த டிவி கார்ட்டூனில், சிரிப்புக் குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் தெருவில் ஒரு ஆள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறார், கூடவே ஒரு காது மட்டும் கறுப்பான நாய். பழைய பேப்பரில் தினமும் வந்த குடைக்காரர் படக்கதைக்கு நீ வைத்த கும்பிடு அது. ஆனால் அந்தப் படக்கதையில் ஊறிப்போனவர்கள் எல்லாம் ஆள் எதிர்ப் பக்கமாக நடக்கிறார், நாய்க்குக் கறுப்புக் காது மாறிப்போச்சு, படக்கதையைப் பார்க்காமலே யாரோ வரைந்திருக்கிறார்கள் என்று உன்னைக் கிழிக்கிறார்கள். உன் மேலதிகாரி அம்மா, ஏன் இப்படி வரைந்தாய் என்று சொல், சொல்லாவிட்டால் சனிக்கிழமை மறுபடி போடுவதற்குள் திருத்திவிடுவோம், இனிமேல் உன் கையில் தனிக் காட்சி கிடையாது என்கிறாள். உனக்கோ ஏன் என்று தெரியவில்லை, சத்தியமாக அவர் அந்தப் பக்கம்தான் நடப்பார் என்று அழுகிறாய். சரிதானே. கடைசியில் ஒரு கேள்வி, அப்பா பார்த்தாரா என்று. அதற்கும் வருகிறேன், பொறு.

உன் படம் வந்த சாயங்காலம் நம் கடையில் கூட்டம் சிக்னல் வரைக்கும் நின்றது. சரி, சிக்னல் வரை இல்லை, பெஞ்சு நிறைந்திருந்தது. எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால் டிவியைப் பெஞ்சுக்கு மேலே, நாற்காலிகளுக்குப் பின்னால் நான்தான் மாட்டினேன், உனக்குத் தெரியாது. முடி வெட்டிக்கொள்கிறவர் தலையைத் திருப்பாமல் கண்ணாடியிலேயே பார்க்கலாம். இப்படி ஒரு யோசனை இந்த ஊரில் வேறு எவனுக்கும் வரவில்லை. உன் அப்பா முதல் நாற்காலியில் ரிட்டயர்டு கண்டக்டருக்கு முகத்தில் சவர நுரையைப் பூசி ஊறவிட்டு, காதோரம் வெட்டிக்கொண்டிருந்தார். நீ அந்த வேலைக்குப் போனதிலிருந்து உன் கார்ட்டூன் வந்தால் அவர் டிவிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார், அவர் வீம்பு உனக்குத் தெரியாததா. ஆனால் முதுகைக் காட்டினால் கண்ணாடி எங்கே போகும், முகத்துக்கு நேரே அல்லவா இருக்கிறது. ஆக இத்தனை நாளும் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார், பார்க்காத மாதிரி.

குடைக்காரர் வந்தார். உன் அப்பாவின் கத்திரிக்கோல் நின்றுவிட்டது. எந்த மடையன் இதை வரைஞ்சான், ஆளு இந்தப் பக்கமா போவாரு, நாய்க்குக் காதும் அது இல்லையே என்றார். கண்டக்டர், யோவ் சும்மா இரு, நான் முப்பது வருஷமா பேப்பரில பார்த்தவன், அச்சு அசலா இருக்கு, உன் பொண்ணு கண்ணுல ஒத்திக்கிற மாதிரி போட்டிருக்கு என்றார். உன் அப்பாவா விடுவார். சோப்பு நுரையோடு அவரை அப்படியே விட்டுவிட்டு, யாருய்யா கண்ணில்லாதவன் என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். டிவியை நேராகப் பார்த்தார், பாப்பா. உன் கார்ட்டூனை முதல் முறையாக நேருக்கு நேர். நேரில் பார்த்தால் குடைக்காரர் அவர் சொன்ன பக்கமே போகிறார், காதும் அவர் சொன்ன காது. இதுதான், இதுதான் நம்ம ஆளு என்றார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நுரை கண்ணில் பட்டது என்று பிற்பாடு சொன்னார், கண்டக்டர் முகத்து நுரை இவர் கண்ணுக்கு எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை, எனக்கும் இங்கிதம் உண்டு.

இப்போது கேள், இதைக் கண்டுபிடித்தது நான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துப் பிடித்தால் அதன் கடைசிப் பக்கம் கண்ணாடியைப் பார்த்திருக்கும். குடைக்காரர் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் வருவார், பேச்சே இல்லாத படம், எழுத்துக் கூட்ட வேண்டாம். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற அப்பாவும் நானும், பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்த நீயும் அவரைப் பார்த்தது கண்ணாடியில், இடம் வலம் மாறி. பேப்பர் நம் கைக்கு வந்த நாள் உண்டா, வாடிக்கையாளர் கை மாறி மாறி, மறுநாள் கிழித்து சவர நுரை துடைக்கத்தானே வரும். மூன்று கட்டமும்கூட நமக்குக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பித்தான் வரும். குடைக்குள் நாயின் எலும்பை ஒளித்துவைத்திருப்பதால் மழையிலும் அதை விரிக்காமல் நனைகிற மனுஷன் அவர். ஊர் முழுக்க அவர் தினமும் நனைந்தார், நம்ம கடையில் மட்டும் தினமும் காய்ந்தார். நல்ல மனுஷன், எப்படியோ காய்ந்துவிடுகிறார் என்று நீ கை தட்டுவாயே, மறந்துபோச்சா.

ஆகவே நீ பார்க்காமல் வரையவில்லை. நீ பார்த்ததைத்தான் வரைந்தாய். அது நம் கண்ணாடியில் மறுபடி மாறியதால்தான் கண்டக்டருக்கு அச்சு அசலாகவும் அப்பாவுக்குத் தப்பாகவும் தெரிந்தது. மேலதிகாரி அம்மாவிடம் தலையைக் குனியாமல் போய், என் அப்பா முடி திருத்துகிறவர், அவர் கடைப் பெஞ்சிலிருந்து நான் பார்த்த குடைக்காரர் இவர், என்று சொல். இதைவிடப் பெரிய காரணம் எந்தப் படிப்பாளி சொல்லப்போகிறான். அவள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு வார்த்தை சொல், நானே புறப்பட்டு வந்து பேசுகிறேன், அவர்கள் பாஷை எனக்குத் தண்ணி பட்ட பாடு, இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால்தான் கொஞ்சம் திணறும். அப்படியும் திருத்தினால் திருத்திக்கொள்ளட்டும், பார்க்க வேண்டியவர் பார்த்தாகிவிட்டது. ஆனால் திருத்த விடாதே.

இது நான் மட்டும் சொல்வதல்ல. படம் போடுறது ஒரு வேலையா என்று உன்னிடம் கேட்ட உன் அப்பாவின் அதே வாய், நேற்றுக் கடையைப் பெருக்கும்போது என்னிடம், நம்ம பக்கத்துல இருந்து பார்த்திருக்காடா, மாத்த வேண்டாம்னு எழுது என்றது. ஒரு சொல் கூட்டவில்லை நான், மற்ற இடங்களில் கூட்டியிருப்பேன், இதில் இல்லை. நீ போன் செய்யும்போதெல்லாம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாரே, போன தடவை குழாய் மூடியே இருந்ததாம், அம்மா சொன்னாள். அடுத்த தடவை போனை அவரிடம் கொடுக்கச் சொல். பேச ஆரம்பித்தால் முதலில் திட்டுவார், பயப்படாதே, திட்டி முடித்தால் சரியாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணுக்கு ஓய்வு கொடு, நெஞ்சு நிமிர்த்தி நட, எந்தப் பக்கமாக நடந்தாலும் சரி. எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. சனிக்கிழமையை மறந்துவிடாதே. அன்றைக்கு உன் அப்பா முதல் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கப் போவதில்லையாம். அதை இப்போதே டிவிப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார்.

இப்படிக்கு,
இரண்டாம் நாற்காலியிலிருந்து,
உன் சித்தப்பா