கழுவக் கொடுத்த கால்

மச்சாள்,

வாவியில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. இன்று காலை உன் அண்ணனின் தோணியிலிருந்து கூடையை இறக்கக் கரைக்குப் போனேன். வெயில் ஏறிக் கரைச் சேறு மணக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு தவக்காலத்திலும் வரும் மணம்தான். மூக்கில் அது ஏறியதும் கூடையை வைத்துவிட்டுத் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். உன் அண்ணன் வலையை உதறியபடியே பார்த்தார். அவருடைய தங்கச்சியைத்தான் நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

இந்த மணத்தோடுதான் நாம் பெரிய வியாழனுக்கு ஆயத்தம் செய்வோம். சனிக்கிழமை பின்னேரங்களில் கோயிலைத் துப்புரவு செய்வது நாம் இரண்டு பேரும்தானே. வௌவால் எச்சத்தைச் சுரண்டுவது உன் வேலை. சபையார் இருக்கும் வாங்குகளை ஈரத்துணியால் துடைப்பது என் வேலை. பித்தளைச் சிலுவையைப் பழப்புளி போட்டு இரண்டு பேரும் மாறி மாறித் தேய்ப்போம். அதைச் செய் என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. யாராவது நன்றி சொல்ல வந்தால் நீ வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பால் போய்விடுவாய். அப்போது அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உன்னைப் போல இருக்க வேண்டும் என்று நானும் போய்விடுவேன்.

பெரிய வியாழக்கிழமை ஆராதனையில் போதகர் சபையார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். ஆண்டவர் தம்முடைய சீஷருக்குச் செய்ததை நினைத்துச் செய்வது. தண்ணீரும் பேசினும் துவாயும் சுமப்பது நாம். பெயர் சொல்லப்பட்டவர்கள் என்ன செய்வார்கள்? பின்னேரமே கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டு, குதிக்காலைச் செங்கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் பூசிச் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு வருவார்கள். நம் சனத்துக்கு அது மரியாதை. போதகரின் கையில் அழுக்குக் காலைக் கொடுப்பதா? ஒரு வருடம் பழைய போதகர், இருக்கிறபடியே வாருங்கள் என்று பிரசங்கத்திலேயே சொல்லிப் பார்த்தார். அந்த வருடம் பவுடர் இன்னும் கூடத்தான் மணந்தது. அத்தனை பேருக்கும் கழுவி முடித்த பிறகும் பேசினில் தண்ணீர் ஊற்றின மாதிரியே தெளிவாகக் கிடக்கும். அதைப் பின்பக்கம் கொண்டுபோய் ஊற்றும்போது நீ என் காதுக்குள் சொன்னாய்.

"இதுல உலை வைக்கலாம் போலிரிக்கி கா."

துவாயை வாயில் பொத்திக்கொண்டுதான் நான் திரும்பி உள்ளே வந்தேன்.

அந்த வேதப் பகுதியை ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் வாசித்தோம். பேதுரு மட்டும் தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்கிறார். அப்படியானால் உனக்கும் எனக்கும் தொடர்பில்லை என்பதுபோல ஆண்டவர் சொல்லிவிடுகிறார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர்தான் கூட்டத்தை நடத்துவார். ஒவ்வொருவரிடமும் இதில் என்ன விளங்கியது என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தி தாழ்மை என்றாள், ஒருத்தி அன்பு என்றாள். நானும் அன்பு என்றுதான் சொல்லிவைத்தேன். உன் முறை வந்தது.

"எனக்கு விளங்கல்ல, ரீச்சர்."

என்ன விளங்கவில்லை என்று ரீச்சர் கேட்டார். பேதுரு பாவம், தன்னுடைய குரு குனிவதைப் பார்க்கக் கூச்சப்பட்டவர், அதற்கு ஏன் இவ்வளவு கடுமையான பேச்சு என்று நீ கேட்டாய். ரீச்சர் பொறுமையாக விளக்கினார். கேட்டுவிட்டு, இன்னும் விளங்கவில்லை என்றாய். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில், ஓம், விளங்கினது என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாமே என்று உன்னை ஏசினேன்.

"விளங்காத ஒண்டுக்கு எப்பிடி கா தலையாட்டுற? அதுவும் ஆண்டவருக்கு முன்னால இருந்துகொண்டு?"

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி உன்னை விடவேயில்லை. மீன் அரியும்போதும் திடீரென்று நிறுத்தி, "பேதுரு என்ன பிழை விட்ட?" என்பாய். ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்பதுபோல இருக்கும்.

பிறகுதான் மட்டி ஓடு உன் வலது காலை வெட்டியது. வாவிக்குள் இறங்குகிறவர்களுக்கு அது வழமை. வேறு யாருக்காவது என்றால் நான்கு நாளில் ஆறியிருக்கும். உனக்குச் சீனி வருத்தம் இருந்ததே நமக்கு அப்போதுதான் தெரிய வந்தது. காயம் ஆறவில்லை. உள்ளுக்குள்ளேயே போனது. மணக்கத் தொடங்கியது.

முதலில் நீ வாங்கில் கடைசி ஆளாக இருந்தாய். பிறகு வெளியே வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டு, ஒலிபெருக்கியில் ஆராதனை கேட்டாய். பிறகு அதற்கும் வரவில்லை. கால் நோகிறது என்று எல்லோருக்கும் சொன்னாய். எனக்கும் அதையேதான் சொன்னாய். ஆனால் நீ கடைசியாக உள்ளே இருந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு முன் வாங்கில் ஒரு பெண் லேஞ்சியால் மூக்கைத் துடைத்ததை நானும் பார்த்தேன். அவளுக்குத் தடிமன் என்று உனக்கு எத்தனை தரம் சொன்னேன்!

ஒவ்வொரு நாளும் கழுவி மருந்து கட்டாவிட்டால் காலும் போகும், அதற்கு மேலும் போகும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். உனக்கோ குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது. உன் மகள் குவைத்தில் வேலைக்கு. நான் தண்ணீர் சுட வைத்துக்கொண்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாய். பழந்துணியைச் சுற்றிவிட்டு, கட்டியாயிற்று என்பாய். மருத்துவத் தாதி வந்தபோதும், இன்றைக்கு வேண்டாம் பிள்ளை, நாளைக்கு என்று அனுப்பிவிட்டாய். நீ ஊருக்கெல்லாம் செய்தவள். சாவு வீடுகளில் பிரேதத்தைக் குளிப்பாட்டியவள். உன்னைத் தொட மட்டும் ஒருவரையும் விடவில்லை.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் புதிய போதகர் உன்னைப் பார்க்க வந்தார். பெட்டைகள் பார்த்துச் சிரிக்கிற வயதுப் பொடியன் என்று நீ பகிடி பண்ணுவாயே, அவர்தான். பன்னிரண்டு பேரில் ஒருவராக வர வேண்டும் என்று கேட்டார். உன் முகம் கறுத்துவிட்டது.

"ஐயா, என்ட கால வெச்சு விளையாடாதீங்க."

அவர் ஜெபித்துவிட்டுப் போனார். தேத்தண்ணீர்கூட நீ கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் உன்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

"ஊர்க் காலுக்கெல்லாம் தண்ணி சுமந்த. உன்ட கால நீட்ட மட்டும் ஏலாதோ? நாங்க என்ன, உனக்குச் செய்யத் தகுதியில்லாத ஆக்களா?"

நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் விடிந்ததும் வேலிக்கு மேலால் நீ கூப்பிட்ட சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். கிணற்றடியில் பலகைக் கட்டையில் உட்கார்ந்து, துணியை அவிழ்த்துக் காலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாய். அழுதிருந்தாய் என்று கண்ணில் தெரிந்தது.

"பேதுருக்குக் கூச்சமில்ல கா. பெருமை. கழுவுறவனா இருக்க அவருக்கு விருப்பம், கழுவக் குடுக்கிறவனா இருக்க விருப்பமில்ல. எனக்கு இப்பதான் விளங்கினது."

நான் வாளியை இறக்கினேன். நீ கேள்வியை விடவில்லை.

"அப்ப நான் இவ்வளவு காலமும் செஞ்சதெல்லாம் பொய்யா? செல்லு."

பொய்யாக வௌவால் எச்சம் சுரண்ட முடியாது, மச்சாள் என்று சொன்னேன். நீ சிரித்துவிட்டாய். சிரித்துக்கொண்டே அழுதாய். நான் உப்புக் கரைத்த தண்ணீரை மெல்ல ஊற்றினேன். நீ என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். அவ்வளவு பெரிய காயத்தை உனக்குள் வைத்துக்கொண்டு எப்படி நடந்தாயோ!

அன்று பின்னேரம் உன்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தாதிப் பிள்ளையிடம் கேட்டு, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைப் புதுப் போத்தலில் எடுத்து வந்திருந்தேன். நீ வரிசையில் கடைசிக் கதிரையில் இருந்தாய். போதகர் உனக்கு முன்னால் முழங்காலில் நின்று, நல்ல காலைத் தொட்டு, இதைக் கழுவட்டுமா என்று மெல்லக் கேட்டார். நீ கட்டுப் போட்ட காலை முன்னுக்கு வைத்தாய்.

"இதுதான் ஐயா என்ட கால்."

கட்டை அவிழ்த்ததும் மணம் கோயிலெல்லாம் போனது. போதகர் ஒரு கையால் காலைத் தாங்கிக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்றத் திணறினார். அப்போது ரீச்சர் பாட்டுப் புத்தகத்தை வாங்கில் வைத்துவிட்டு எழும்பி வந்தார். சேலை நனைவதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, உன் குதிக்காலைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். போதகர் காயத்தைச் சுற்றிக் கழுவினார். பேசின் தண்ணீர் அந்த வருடம்தான் கலங்கியது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சிலர் பொத்தினார்கள். நீ அவர்களையும் பார்த்தாய். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கால் தப்பவில்லை. பெரியாஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு உன் வீட்டுக் கதவு சாத்திக் கிடக்கவில்லை. ஒருத்தி தலை வாரிவிட்டாள், ஒருத்தி சோறு கொண்டுவந்தாள். ரீச்சர் பின்னேரங்களில் வந்து உனக்கு வேதம் வாசித்தார். விளங்காத இடத்தில் நீ கையைக் காட்டி நிறுத்துவாய். இரண்டு பேருமே விளங்காமல் இருப்பீர்கள். "ராசாத்தி மாதிரி இரிக்கன், பாத்தியா" என்று என்னிடம் சொல்வாய். மாரி மழை தொடங்கியபோது, ஒரு பகல் நேரம், ரீச்சர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாய். நான் உன்னைக் குளிப்பாட்டினேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கோயிலைத் தனியாகவே கூட்டினேன். இரண்டு பெட்டைகள் உதவிக்கு வந்தார்கள். நானே செய்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சபையிலிருந்து ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, நான்தான் அவர்களைத் தேற்றி அனுப்பினேன். அதைப் பார்த்து என்னைத் தைரியசாலி என்றார்கள்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். மூட்டெல்லாம் வீங்கிக் கை மடங்கவில்லை. அப்படியும் எழும்பி முற்றம் கூட்டினேன். படலையைத் திறந்துகொண்டு ரீச்சர் வந்தார், கையில் கஞ்சிச் சட்டி. அதைத் திண்ணைக் குந்தில் வைத்துவிட்டு என்னிடமிருந்து விளக்குமாற்றைப் பிடித்தார். வேண்டாம் ரீச்சர், நீங்கள் போய் அவடத்தில் இருங்கள் என்றேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. வயதுபோன இரண்டு பொம்பிளைகள் ஒரு விளக்குமாற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம். அவரும் உன்னை நினைத்து அழ ஒரு இடம் தேடித்தான் வந்திருக்கிறார் என்று அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கையை விட்டேன்.

கதிரையில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தேன். அவர் கூட்டினார். உனக்குச் சொன்னால் என்ன, அவருக்குக் கூட்டத் தெரியாது. புழுதியைக் கிளப்பி விட்டார். பலா மரத்தடியில் சருகெல்லாம் அப்படியே கிடந்தது. என் வாயில் சொல் வந்து வந்து நின்றது. கூட்டுவதைவிட அந்தக் கதிரையில் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது, மச்சாள். நீ அன்று உன் காலை நீட்டியபோது எவ்வளவு பெரிய காரியம் செய்தாய் என்று கதிரையில் இருந்துதான் அறிந்தேன்.

போகும்போது, இன்னும் ஏதும் செய்ய வேண்டுமா என்று ரீச்சர் கேட்டார். நாளைக்கும் வாங்க என்றேன்.

காய்ச்சல் விட்டுச் சில நாளாகிவிட்டது. கை நன்றாக மடங்குகிறது. ரீச்சர் இன்னும் வந்து கூட்டுகிறார். பலா மரத்தடிச் சருகை நான் இன்னும் தொடவில்லை.