கயிறு யாருக்கு

மே 4, 1926

இன்று லூதர் கிம்பலின் பண்ணையில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். சுருக்குக் கயிற்றுக்குக் கொழுப்புத் தடவி எடுத்துக்கொண்டு, விடியும் முன்பே பதினாலு மைல் குதிரையில் போனேன். பட்டி வாசலில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் காத்திருக்க, வழக்கப்படி கிம்பல் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். யாருடைய பட்டியோ, சொல்லும் அவருடையது. “ஹாங்க், கயிறு. கர்டிஸ், கயிறு.” பிறகு என்னைப் பார்த்து, செவிடனிடம் பேசுவது போலச் சத்தமாக: “ஏசா பெரியவரே, நீங்க நெருப்பைப் பாத்துக்குங்க. குளிருக்கு இதமா இருக்கும்.”

இதமாகத்தான் இருந்தது. நாற்பத்தொன்பது வருடமாக இந்த வட்டாரத்தில் எல்லாப் பட்டியிலும் குதிரை மேலிருந்து சுருக்கு வீசி, கன்றுகளை நெருப்பருகே இழுத்து வந்தவன், இன்று விறகு தள்ளினேன். இரும்பு சூடாகிவிட்டதா என்று கர்டிஸ் இரண்டு முறை கேட்டான். அதன் மேல் உட்கார்ந்து பார், தெரியும் என்றேன்.

போன வருடம் நான் பதினொரு வீச்சு தவறவிட்டேனாம். கண் மங்கிவிட்டதாம். கன்றுகள் கோணலாக ஓடின என்பதை மட்டும் எவனும் சொல்ல மாட்டான்.

மே 5

முடிவு செய்துவிட்டேன். இனி யார் பட்டிக்கும் நான் போவதில்லை. என் பட்டிக்கும் யாரும் வர வேண்டாம். காலையில் மகள் வெர்னாவிடம் சொன்னேன். கல்லில் இருந்த பன்றி இறைச்சியைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

“எண்பத்திரண்டு கன்னு இருக்குப்பா. ஜூன் ஒண்ணாந்தேதி மலைக்கு ஓட்டணும். நம்ம சூடு இல்லாம பொது மேய்ச்சலுக்குப் போனா, ஒண்ணாவது திரும்பி வருமா? எவன் கையில இரும்பு இருக்கோ அவன் குறியப் போட்டுக்குவான்.”

“அதான் நாமளே போட்டுட்டு ஓட்டப்போறோம். உன்னையும் என்னையும் பாத்தா உனக்கு ஆளாத் தெரியலையா?”

“தெரியுது. ரெண்டே ரெண்டு ஆளாத் தெரியுது.”

அவளுக்கு வயது நாற்பது. இந்த நாக்கினால்தான் கல்யாணம் ஆகவில்லை என்பாள் அவள் அம்மா. அது யாருடைய நாக்கு என்பதையும் சேர்த்தே சொல்வாள், பாவம், உயிரோடு இருந்தவரை.

மே 11

ஆரம்பித்துவிட்டோம். “நான் கயிறு வீசறேன், நீங்க இரும்பப் புடிங்க” என்றாள் வெர்னா. சின்ன வயதிலிருந்து வேலிக் கம்பத்துக்கு வீசிப் பழகியவளாம். கம்பம் ஓடுமா?

“நீ நெருப்பைப் பாத்துக்க” என்றேன்.

எதற்கோ அப்படிச் சிரித்தாள்.

மதியத்துக்குள் ஐந்து கன்று. எத்தனை வீச்சில் என்பதை இங்கே எழுத அவசியமில்லை.

மே 12

மழை. ஆண்டவருக்கு நன்றி. வெர்னாவின் காதுபட மழையைத் திட்டினேன்.

மே 14

இடது கையால் எழுதுகிறேன். இன்னும் நாலு கன்று முடித்திருந்தோம். அடுத்த வீச்சு அருமையாக விழுந்தது, இரண்டு பின்னங்காலிலும். அந்தப் பெருமையோடு கயிற்றைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றினேன். கட்டைவிரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். கன்று இழுத்தது.

மேல் கணு போயிற்று.

இந்த வட்டாரத்தில் இப்படி விரலைக் கொடுத்த கிழவர்கள் ஆறு பேர். ஆறு பேரையும் கேலி செய்தவன் நான். இனி ஏழு.

கட்டுப் போடும்போது வெர்னா ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். எழுபத்துமூணு கன்னு பாக்கி கிடக்கு. என்ன பண்ணப்போறேன் நான்? — யாரையும் கேக்க மாட்டேன். மந்தையே போனாலும் கேக்க மாட்டேன்.

மே 16

டாக்டர் வந்து தைத்துவிட்டுப் போனார். திரும்பும் வழியில் ஒரு வீடு விடாமல் காப்பி குடித்துக் கதை பேசுவார். நான் பார்க்காத ஊரெல்லாம் என் கட்டைவிரல் பார்த்துவிட்டிருக்கும்.

மே 18

காலையில் வாசலில் குதிரைகள். பதினொன்று. பின்னால் சாப்பாட்டு வண்டியில் பெண்கள். கிம்பல்தான் முன்னால். யாரும் கூப்பிடவில்லை. யாரும் பட்டிக்குள் நுழையவும் இல்லை. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு வரும்வரை அப்படியே நின்றார்கள். கிம்பல் தொப்பியைக் கழற்றினார்.

“உங்க பட்டி, பெரியவரே. கயிறு யாருக்குன்னு சொல்லுங்க.”

இந்தக் கேள்விக்குத்தான் பதினாலு நாளாகப் பதில் யோசித்து வைத்திருந்தேன். “லூதர், நீ நெருப்பைப் பாத்துக்க” என்றேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. “சரிங்க பெரியவரே” என்று நேராகப் போய் விறகை அடுக்க ஆரம்பித்துவிட்டார். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. கல்நெஞ்சக்காரர். ஒரு மனிதன் நிம்மதியாகப் பழிவாங்கக்கூட விடமாட்டார்.

“ஹாங்க், கயிறு” என்றேன். இன்னொரு கயிறு? எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என் குதிரை சேணத்தோடு சும்மா நின்றது. வெர்னா, நான் சொன்ன இடத்திலேயே, கையில் இரும்போடு நின்றாள்.

“வெர்னா.”

“என்னப்பா?”

“குதிரை சும்மா நிக்குது.”

 இரும்பைக் கர்டிஸிடம் கொடுத்துவிட்டு ஏறினாள்.

மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. அவள் தவறவிட்டது இரண்டே வீச்சு. இரண்டையும் அப்போதே சத்தமாகச் சொன்னேன்.

ஜூன் 1

மலைக்கு ஓட்டினோம். எண்பத்திரண்டும், எங்கள் சூட்டோடு. வெர்னா முன்னால். நான் பின்னால், புழுதி தின்றுகொண்டு.

ஜூன் 5

நேற்று கிம்பல் வந்தார். ஓல்சன் பட்டியில் மறுநாள் கயிறு வீச ஆள் வேண்டுமாம். கேட்டது என்னிடம் இல்லை, வெர்னாவிடம். “அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா” என்றார், நான் ஏதோ கம்பளிப் போர்வை என்பது போல.

போகமாட்டேன் என்றேன். இன்று போனேன், சாப்பாட்டு வண்டியில், பீன்ஸ் பானைகளுக்கு நடுவே. அவள் பிடிப்பது தவறு என்று சொல்ல யாராவது வேண்டாமா?

வேலி மேல் உட்கார்ந்து நாள் முழுக்கக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். அறுபத்தொரு கன்று. ஒரு வீச்சுகூடத் தவறியதாக எனக்குத் தெரியவில்லை.

என் கண் மங்கிவிட்டது என்று ஊரார் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.