எலி கடிக்காத வயர்

கீழக்கரைமேடு, வலங்கைமான் வழி.
ஐப்பசி மாசம், மழை விட்ட மத்தியானம்.

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா ரெத்தினம் எழுதிக்கிறது. இங்க நானும் உங்கம்மாவும் மூக்கி மாடும் அது போட்ட கன்னுக்குட்டியும் சொகமா இருக்கோம், என் வலது முட்டி மட்டும் சொகமில்லை, அதைக் குடும்பத்துல சேர்க்க வேணாம். அங்க நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பூமிகாவும் சளி காய்ச்சல் இல்லாம நல்லா இருக்கீங்கன்னு நம்பி எழுதுறேன். தினம் போன்ல மூஞ்சிய பார்த்துப் பேசிக்கிற காலத்துல இந்தக் கெழவனுக்கு எதுக்கு லெட்டருன்னு நீ சிரிப்பே. போன்ல பேசினா உங்கம்மா என் தோள் மேல ஏறி நிக்கிறா, நீ குரலை ஒரு மாதிரி ஆக்கினா நான் உடனே எதையாவது கேலி பேசித் தப்பிச்சு ஓடிடுறேன். பேப்பர்ல ஓட இடமில்லை. அஞ்சாங்கிளாஸோட நின்ன கையெழுத்து, கோணல்மாணலா இருக்கும், ஆஸ்பத்திரியில டாக்டர் எழுதுற சீட்டையே படிக்கிறவ நீ, இதைப் படிச்சுடுவே.

இங்க நல்ல மழை. சம்பா நட்டு வேர் பிடிச்சுக்கிச்சு, வாய்க்கா நெறைய தண்ணி போவுது, இப்ப வடியுறதுதான் கவலை. அயர்லாந்துல வருசம் பூராவும் மழைங்கிறியே, அங்க ஒருத்தனும் நாத்து நடாம சும்மா இருக்கானுங்களா, வெக்கமா இல்லையான்னு உன் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன்கிட்ட நான் கேட்டதாச் சொல்லு. உங்கம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்கா முழுங்குறா, எனக்குத்தான் குடுக்க மறந்துடுறா, கோவத்துல இருக்கா. அந்தக் கோவம் என்னன்னு சொல்லத்தான் இந்தக் காகிதம். விசயத்துக்கு வர்றேன்.

ஆயி, ரெண்டு மாசமா கேமரா பொட்டி வேலை செய்யலை வேலை செய்யலைன்னு நீ அங்கேருந்து தவியாத் தவிச்சியே, அதோட வயரை எலி கடிக்கலை. இடியும் விழலை. கொரங்கும் வந்து இழுக்கலை, நம்ம தெருவுல கொரங்கு ஏது, நீயும் அதை நம்பினே பாரு. நான்தான் பிளக்கைப் பிடுங்கி வச்சேன். அதோட அடாப்டரை வெதைநெல்லு மூட்டைக்குள்ள பொதைச்சு வச்சதும் நான்தான்.

ஏன்னு கேளு. நீ ஆடியில லீவுக்கு வந்தப்ப வலங்கைமான்லேருந்து கேமராக் கடைப் பையன் பரிதிய வரவழைச்சு வாசல்ல ஒன்னு, மாட்டுக் கொட்டாயில ஒன்னு, கொல்லையில ஒன்னுன்னு கேமராவ மாட்டி, பீரோ மேல படத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கிற டிவிஆர் பொட்டிய வச்சு டிவியோட இணைச்சுக் குடுத்தே. நான் விழுந்து கெடந்தா தெரியணும்னு நெனச்சே, நல்ல மனசு. நான்தான் முதல் நாள்லேருந்தே அதைப் பார்த்துத் துண்டைக் கக்கத்துல வச்சுக் கும்புடு போட்டு, கூலி நெல்லு எப்ப அளப்பீங்க எசமான்னு கூத்தடிச்சுக்கிட்டிருந்தேன். பூமிகா விழுந்து விழுந்து சிரிச்சுச்சு, நீ சிரிக்கலை. அப்புறம் நீ கிளம்புற அன்னிக்குக் காலையில, முட்டி வலியோட வயலுக்குப் போவாதீங்கப்பா, குத்தகைக்கு விட்டுடுங்க, நீங்க வரப்புல எறங்குனா எனக்கு அங்க செல்போன்ல தெரியும்னு சொன்னே. வெளையாட்டாத்தான் சொன்னே. எனக்குத்தான் எங்கிருந்து வந்துச்சோ, எங்கப்பாவ வரப்புல நின்னு வேலை வாங்குனாரே பண்ணையாரோட காரியக்காரரு, அவராவது வெயில்ல நின்னாரு, நீ ஏசி ரூம்ல ஒக்காந்துக்கிட்டு என்னை மேய்க்கப் போறியான்னு கேட்டுப்புட்டேன். உன் மூஞ்சி போன போக்கை நான் பார்த்தேன். அந்த நெலத்தை வாங்க உன் சம்பளந்தான் போச்சுங்கிறதும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயிலேருந்து வந்ததைத் திருப்பி உள்ள தள்ளத் தெரியாம, மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வயலுக்குப் போயிட்டேன். கார் வந்து ஆரன் அடிக்கிற சத்தம் பம்புசெட்டு கொட்டாய்க்குக் கேட்டுச்சு ஆயி. நான் அதுக்குப் பின்னாடிதான் ஒக்காந்திருந்தேன். ஒரு ஆரனுக்கு எழுந்திருச்சேன், அடுத்த ஆரனுக்கு ஒக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்தப்ப வாசல்ல டயர் தடம் மட்டும் இருந்துச்சு.

அதுக்கப்புறம் என் பச்சைக்கரை துண்டக் காணும். உங்கம்மாதான் அடுப்படியில கரித்துணியாக்கிட்டான்னு நான் ஒரு வாரம் ஊர் சிரிக்கச் சண்டை போட்டேன். அவ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, எம் மேலயா பழியப் போடுறீங்க, அதான் மக பொட்டி வச்சுட்டுப் போயிருக்காளே, போட்டுப் பார்த்துடுவோம்னு டிவிக்கு முன்னாடி ஒக்காந்துட்டா. உங்கம்மா அந்த மவுச பிடிச்சு ஓட்டுறத நீ பார்க்கணுமே, சீரியல் பார்த்துப் பார்த்து ரிமோட்டுல பழகுன கை, தேதியத் தட்டி, நேரத்தத் தட்டி, முன்னாடி இழுத்துப் பின்னாடி இழுத்து, நான் அசந்துட்டேன். துண்டு கொல்லைக் கொடியில தொங்குறது வந்துச்சு. அப்புறம் நீ வந்தே.

கார் கதவு தெறந்து கெடக்கு, மாப்பிள்ளையும் பூமிகாவும் உள்ள ஒக்காந்தாச்சு. நீ வாசல்ல நின்னு வயல் பக்கமாவே பார்த்துக்கிட்டு இருக்கே. டிரைவர் கைக்கடியாரத்தக் காட்டுறான். நீ கொல்லைக்கு வந்து, கொடியிலேருந்து என் துண்டை உருவி, மோந்து பார்த்து மூக்கச் சுளிச்சே, அந்த எடத்துல மட்டும் நான் சிரிச்சேன், அப்புறம் நாலா மடிச்சுக் கைப்பைக்குள்ள வச்சுக்கிட்டே. திரும்ப வாசலுக்குப் போயி, தலைய நிமிர்த்திக் கேமராவ நேராப் பார்த்து ரெண்டு வார்த்தை என்னமோ சொன்னே. வாய் அசையுது, சத்தம் கெடையாது, அந்தக் கேமராவுல சத்தம் வராதாமே. உங்கம்மாவக் கேட்டேன், நான் அப்ப டிக்கியில ஊறுகா டப்பாவ அமுக்கிக்கிட்டு இருந்தேன், எனக்குக் கேக்கலைங்கிறா. திரும்பப் போடச் சொன்னேன். அன்னிக்கு எத்தனை தடவை போட்டான்னு அவளுக்கே தெரியாது. துண்டு சண்டைய நான் வாபஸ் வாங்கிட்டேன்.

பொட்டி மாட்டுன அன்னிக்கே பரிதி சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு, பதினஞ்சு நாள் வரைக்கும் இருக்கும் தாத்தா, எடம் ரொம்பிட்டா பழச அதுவா அழிச்சுக்கிட்டுப் புதுச எழுதிக்கும்னு. நான் வயக்காட்டு ஆளு, எனக்குத் தெரிஞ்ச வழி ஒன்னுதான். இந்தப் பக்கம் தண்ணி வந்தாத்தானே அந்தப் பக்கம் வழியும், மதகை அடைச்சுட்டா உள்ள இருக்கிறது அப்படியே நிக்கும். அடைச்சுட்டேன். உங்கம்மாகிட்டயும் சொல்லலை, எலி கடிச்சிருச்சுன்னுட்டேன், சொன்னா இந்த வயசுல இப்படி உருகுறீங்களேன்னு தெரு பூராவும் சொல்லிச் சிரிப்பாளேன்னு ஒரு பயம். அவ ரேசன் கடைக்குப் போற நேரமாப் பார்த்து, மூட்டையிலேருந்து அடாப்டர எடுத்து மாட்டி, அந்தத் துளியூண்டு எடத்த மட்டும் பார்த்துட்டுத் திரும்பப் பிடுங்கிடுவேன். மாட்டுனா அதுபாட்டுக்கு எழுத ஆரம்பிச்சுடுமேன்னு அதையும் ஆசை தீரப் பார்க்கிறதில்லை. நீயோ அங்கேருந்து பரிதிய அனுப்பிக்கிட்டே இருந்தே. அவன் வந்து புது அடாப்டர் போட்டு எல்லாம் ஓடுது தாத்தான்னு சொல்லிட்டுப் போவான், அவன் வண்டி தெருமுனை திரும்புறதுக்குள்ள நான் பிடுங்கிடுவேன். நல்ல புள்ள, ஒரு தடவை கூட அலுத்துக்கலை. நடுவுல மூக்கி கன்னு போட்டுச்சு. கன்னு போடுறத நான் பார்க்கணும்பா, கொட்டாய் கேமராவ மட்டுமாவது சரி பண்ணிடுங்கன்னு நீ கெஞ்சினே. நான் ம் ம்னு கேட்டுக்கிட்டு, எலி பெரிய எலிம்மான்னேன். அதை நெனச்சா இப்ப சோறு எறங்கலை.

போன வாரம் நான் களை பறிக்க ஆள் விட்டுட்டு வயல்ல நின்னுக்கிட்டிருந்தப்ப பரிதி வந்திருக்கான். மாட்டியும் பிடுங்கியும் நான் பண்ணுன கூத்துல, அவன் கரண்டு குடுத்ததும் பொட்டி பீப் பீப்னு கத்திருக்கு. ஹார்டு டிஸ்க்குல கோளாறுன்னு உனக்கு அவன் போன் போட, நீ புதுசாவே மாத்திடுங்கன்னு சொல்ல, உங்கம்மா பாவம் காபி போட்டுக் குடுத்து ஸ்டூலையும் பிடிச்சிருக்கா. நான் வந்து பார்த்தா பொட்டியில பச்சை லைட்டு எரியுது, உங்கம்மாவுக்கு ஒரே சந்தோசம். அவளையே மவுச பிடிக்கச் சொல்லி அந்தத் தேதியத் தட்டச் சொன்னேன். ஒன்னும் இல்லை. அன்னிக்கு முன்னாடி உலகமே இல்லாத மாதிரி இருந்துச்சு.

அடுத்த பஸ்ஸுல வலங்கைமான் போனேன். பரிதி கடையில, பழைய டிஸ்க்க எங்க வச்சிருக்கே தம்பின்னு கேட்டேன். அது கெட்டுப் போவலை தாத்தா, அழிச்சுப் போட்டா நல்லாத்தான் ஓடுது, கடைத்தெரு உரக்கடையில மாட்டிட்டேன்னான். உரக்கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேல ஒரு டிவியில யூரியா மூட்டையும் பூச்சிமருந்து டப்பாவும் வரிசையாத் தெரியுது. ஓரமா ஒரு கெழவன், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறான். யாருடா இது இவ்ளோ பரிதாபமா நிக்கிறானேன்னு பார்த்தா நான்தான். நீ இருந்த எடத்துல என்னை எழுதிக்கிட்டு இருந்துச்சு அது. கடைக்காரரு பொட்டாஷ் வேணுமாங்கன்னு கேட்டாரு, வேணாம்னு வந்துட்டேன். பின்னாடியே வந்த பரிதிகிட்ட விசயத்தச் சொன்னேன். அவன், மேல எழுதிட்டா எடுக்க முடியாது தாத்தா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்திருப்பேனே, டீ குடிக்கிற நேரம் கூட ஆயிருக்காதேன்னான். ரெண்டு மாசமா அவன் வீட்டுக்கு வந்து வந்து போனான், நான் எலி கதை சொன்னேனே ஒழிய அந்த ஒரு வார்த்தையச் சொல்லலை.

உங்கம்மாவுக்கும் அன்னிக்குத்தான் எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவான்னு பார்த்தேன். என்கிட்ட சொல்லியிருந்தா அந்தப் பொட்டி மேல படுத்துக் காவல் காத்திருப்பேனேன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அதுலேருந்து என்கிட்ட வேணும் வேணாம்னு மட்டுந்தான் பேச்சு. எனக்கு இப்பத்தான் உறைக்குது, நான் உன்னைப் பார்க்கணும்னு பொட்டிய அடைச்சு வச்சேன், அதனால நீ என்னைப் பார்க்க முடியாமப் போச்சு. ராத்திரி டூட்டியில நடுவுல பத்து நிமிசம் கெடைச்சா உங்க வாசலத்தான்பா பார்ப்பேன், நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுறத பார்த்தா எனக்குத் தூக்கம் கலைஞ்சுடும்னு நீ உங்கம்மாகிட்ட சொன்னியாமே. அதைப் போய் நான் காரியக்காரரு பார்வைன்னு சொன்னேன். மேய்க்கிறவன் பார்க்கிற பார்வை வேற ஆயி, அது எங்கப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னேன்.

பூமிகாவுக்குக் கம்பளி போட்டு விடு. மாப்பிள்ளைய ரொம்ப அதட்டாதே, அதட்டுறது நம்ம ரெண்டு பேருக்கும் வாய்ல ஒட்டிக்கிட்டது, கொஞ்சம் கொறைச்சுக்குவோம். ராத்திரி டூட்டி முடிச்சு வந்தா வெறும் வயித்துல படுக்காதே. துண்டை நீயே வச்சுக்க, ஆனா தொவைச்சுடு, நாறும். கன்னுக்குட்டிக்கு நெத்தியில வெள்ளைச் சுட்டி, பேரு நீதான் வைக்கணும், அதுவரைக்கும் நான் எலின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். நெலத்தை அடுத்த போகம் பக்கிரிகிட்ட குத்தகைக்கு விடுறதாப் பேசியிருக்கேன், உன் உத்தரவுன்னு நெனச்சுக்காதே, என் முட்டியோட உத்தரவு. நீங்க மூணு பேரும் நல்லா இருக்கணும், உன் கையால மருந்து வாங்குற நோயாளியெல்லாம் பொழைச்சு வீட்டுக்குப் போவணும், அது போதும் எனக்கு.

ஒன்னு மட்டும் மறந்துடாதே. பொட்டி இப்ப ஓடுது, இனிமே என் கை அந்தப் பிளக்குகிட்ட போவாது. தினம் காலையில பால் கறந்து முடிச்சதும் வாசல்ல, அன்னிக்கு நீ நின்ன எடத்துலயே நின்னு, நிமிர்ந்து கேமராவப் பார்த்து ரெண்டு வார்த்தை சொல்லுவேன். சத்தம் வராது. நீ அன்னிக்கு என்ன சொன்னேன்னு எனக்குச் சொல்ல வேணாம், எனக்கு அது தெரியாமலே இருக்கட்டும், அதுதான் எனக்குச் சரி. நான் என்ன சொல்றேன்னு மட்டும் நீ வாயைப் பார்த்துக் கண்டுபிடி. மொத நாளே கண்டுபிடிச்சுட்டாலும் கண்டுபிடிச்சுட்டேன்னு போன் பண்ணிடாதே ஆயி, நான் இன்னும் கொஞ்ச நாள் சொல்லிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுப் பெரிய எலி,
அப்பா ரெத்தினம்.