கணவாயின் குலம் தீர்த்த ஓலை

அலை அடங்காத் துறைக்கும் அதில் அஞ்சாது இறங்கும் குடிக்கும் நலம் பெருகுக. வெண்டுறை நாட்டின் அரசி, கடற்காவல் பூண்ட பெருமாட்டி இளந்திரை வேண்மாள், அலைவாய்க்குடி ஊரார்க்கு விடுக்கும் ஓலை.

நம் பாட்டனாரும் காரை நாட்டு வேந்தரும் விரிகுடாவைப் பங்கிட்ட நாளில், மீனெல்லாம் அவர்க்கு, ஓடுடைய மெல்லுடல் உயிரெல்லாம் நமக்கு என்று சூளுரைத்ததை நீவிர் அறிவீர். இவ்வாண்டு அந்நாட்டு அமைச்சர் ஆதனழிசியார், நீந்துவதால் கணவாயும் மீனே என்று சாதித்து உங்கள் வலைகளைத் தடுத்தார். கணவாய் போனால் கரையையே காலி செய்ய வேண்டியதுதான் என்று நீவிர் கலங்கியபோது, உங்கள் ஊரிற் பிறந்து நம் தூதராய் உயர்ந்த கொற்றி, வென்றாலன்றிப் பிறந்த கரையை மிதியேன் என்று சொல்லிப் புறப்பட்டாள்.

காரை நாட்டு அவையில் அவள் மட்டியையும் சங்கையும் கணவாயையும் ஒரே தட்டில் வைத்தாள். மட்டிக்கு மூடித் திறக்கும் இரண்டு ஓடு, சங்குக்கு முறுக்கிய ஓர் ஓடு; தோற்றம் வேறாயினும், எலும்பில்லா மெல்லுடலும் அதைப் போர்த்திய தசைப்போர்வையும் மூன்றுக்கும் பொது, ஆகவே மூன்றும் ஒரே குலத்தின் கிளைகள் என்று எடுத்துரைத்தாள். அழிசியார் லேசில் விடுவாரா? கணவாயின் ஓடு எங்கே என்று கேட்டு மீசையை நீவிக்கொண்டார்.

கரையில் ஒதுங்கும் கடல்நுரை என்னும் வெள்ளைக் கட்டியை, வெயிலில் உறைந்த நுரையென்றே அந்நாட்டார் தலைமுறை தலைமுறையாய் நம்பியிருந்தனர். அதில் அச்சுக் குடைந்துதான் அவர்தம் பொற்கொல்லர் அரச மோதிரமே வார்ப்பர். கொற்றி கத்தி வாங்கிக் கணவாயின் முதுகைக் கீறி, அதே கடல்நுரையை முழுதாய் உருவி வேந்தர் கையில் வைத்தாள். வேந்தர் அதையும் தம் மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நுரையென்று எண்ணியது ஓடே, ஓடு உள்ளிருப்பினும் கணவாய் மட்டிக்கும் சங்குக்கும் உறவே, முன்னோர் சூள் பிழையாது என்று தீர்ப்பளித்தார். அழிசியாரின் கை மீசையை விட்டு இறங்கிற்று. நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்? செய்தி வந்த நாள் முழுதும் கோட்டை முரசு ஓயவேயில்லை.

ஆதலால் உங்கள் வலைகளெல்லாம் கடலில் இறங்குக. அவையில் உருவிய அந்த ஓட்டின்மேலேயே நம் இலச்சினையைப் பொறித்து இவ்வோலையோடு கட்டியுள்ளோம். தடுப்பார் வரின் அதைக் காட்டுக.

இதைக் கொணர்ந்தவள் கொற்றியே. வெற்றிச் செய்தியை ஊர் முழுதும் கேட்ட பின்னரே கரை மிதிப்பேன் என்று நம்மிடம் பிடிவாதமாய்ச் சொன்னாள்; இப்போதும் படகிலேயே நிற்பாள். படித்தது போதும், ஊரோடு போய் அவளை அழைத்து வருக. இது நம் ஆணை.