அரை அரையாகக் குறைத்த கதை

அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முக்கால்வாசி நலம், மீதிக் கால்வாசி நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்ததும் வந்து சேர்ந்துவிடும். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான். முதலில் ஒரு திருத்தம். "அம்மா, வழி எப்படி இருக்கு?" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். வழி நன்றாகத்தான் இருக்கிறது, போன மாதம்தான் தெருவுக்குத் தார் போட்டார்கள். நீ கேட்க நினைத்தது வலி. தமிழ் டீச்சர் வயிற்றில் பிறந்துவிட்டு இப்படி மானத்தை வாங்குகிறாயே! ஆனால் வேலையை ராஜினாமா செய்துவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பி வருகிறேன் என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறாய் பார், அதில் மட்டும் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. அந்த ராஜினாமாவை அனுப்புவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு.

ஆரம்பம் இப்படித்தான். வகுப்பில் நான் பலகையில் எழுதும் எழுத்து வாராவாரம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. உச்சியில் எழுதிக்கொண்டிருந்த தலைப்பு நடுவுக்கு வந்தது, நடுவிலிருந்து அடிவிளிம்புக்குப் போனது, கடைசி வரிசைப் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்து எழுதினார்கள். சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது தச்சர் பலகையை உயர்த்தி மாட்டிவிட்டார் என்று சொல்லித் தலைமையாசிரியையிடம் சண்டைக்கே போய்விட்டேன், சாட்சிக்கு உன் அப்பாவை அளவு நாடாவோடு வரவழைத்தேன். ஊரில் உள்ள ஃப்ரிட்ஜையெல்லாம் ரிப்பேர் பண்ணுகிற மனிதர், பலகையை மேலும் கீழும் அளந்துவிட்டு, "போர்டு இருந்த எடத்துலதான் இருக்கு, உன் கைதான் எறங்கிடுச்சு" என்றார். வீட்டுக்கு வந்து தலை சீவப் போனால் சீப்பு காது வரைக்கும் போய் நின்றுவிட்டது. ஸ்வெட்டருக்குள் ஒரு கை போனால் மறு கை வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. காலையில் தோளும் இடுப்பும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன, படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. உன் அப்பா தனக்குத் தெரிந்த ஒரே முறையில் என்னை எழுப்பினார், ஃப்ரிட்ஜை நகர்த்துகிற மாதிரி முதலில் ஒரு மூலை, அப்புறம் மறு மூலை, நடுவில் "கம்ப்ரஸர் பத்திரம்" என்று தனக்குத்தானே ஓர் எச்சரிக்கை வேறு. மத்தியானத்துக்குள் உடம்பு கொஞ்சம் இளகிவிடும் என்பதால் சாயங்காலம் பார்க்கிறவர்கள் எல்லாம், நல்லாத்தானே இருக்கீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த தெருவிலிருந்து உன் சித்தி வந்தாள். தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது வாயுதாங்க்கா, வேற ஒண்ணுமில்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆக, எனக்கு வந்தது வலி, நீ கேட்டது வழி, அவள் சொன்ன வாயுவோ நல்ல தமிழில் வளி. ல, ழ, ள மூன்றுக்கும் இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்ததில்லை, மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். பிறகு உன் அப்பா கூட்டிப்போன டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, அழற்சி அளவு ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, இதற்குப் பாலிமயால்ஜியா ரூமாட்டிகா என்று பெயர் என்றார். உன் அப்பா பவ்யமாக, "யாரு டாக்டர் இந்த ரெண்டு அம்மாங்க?" என்று கேட்டார். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருகிற வியாதியாம், கட்டுப்பட்டுவிடும், ஆனால் வருஷக்கணக்கில் பொறுமை வேண்டுமாம். ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டும், உடம்பு தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தவே கூடாது, நெற்றிப்பொட்டில் புதிதாக வலித்தாலோ மெல்லும்போது தாடை வலித்தாலோ பார்வை மங்கினாலோ போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும், கண்ணையே பாதித்துவிடும் என்றார். அன்றிலிருந்து நான் சாப்பிடும்போதெல்லாம் உன் அப்பா எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார். "தாடை வலிக்குதா?" என்று வாய்க்கு வாய் கேட்கிறார், இல்லை இல்லை என்று சொல்லியே தாடை வலித்துவிடும் போலிருக்கிறது.

ஆனால் அந்த மாத்திரையை என்னவென்று சொல்வேன்! போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ, எழுந்து சோம்பல் முறித்தேன், இரண்டு கையும் ஜிவ்வென்று தலைக்கு மேலே போய்விட்டன. அப்படியே நின்றுவிட்டேன். சமையலறையிலிருந்து வந்த உன் அப்பா என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்துத் தானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அப்புறம் பார், எனக்கு ஒரு சுறுசுறுப்பு, பொழுது விடிவதற்குள் அலமாரியெல்லாம் துடைத்து, உன் பழைய பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்டு, சித்தியைக் கூப்பிட்டு அவளோடு ஒரு சண்டையும் போட்டுவிடுவேன். பசியோ யானைப் பசி. உன் அப்பாவின் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் காலையிலேயே காலி செய்துவிட்டு மூடி வைத்ததில், பாவம், அவர் கடையில் போய்த் திறந்து பார்த்துவிட்டு டப்பாவையே மாற்றி எடுத்துவந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். உண்மை தெரிந்ததும் நம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு மணி பொருத்திவிட்டார், கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நான் சாப்பிடுவது தெரியும். போதாததற்கு அந்த மாத்திரையால் முகமும் உப்பிவிட்டது. மதிமுகம், மதிமுகம் என்று பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்க அழகுக்கு உவமை சொல்லிக்கொடுத்திருக்கிறேனே, அது எனக்கே வந்தபோது தாங்க முடியவில்லை. இது மருந்துக்கடை மதி, வளர்பிறை மட்டும்தான். அதனால்தான் வீடியோவில் நீ கூப்பிடும்போதெல்லாம் ஃபோனை மல்லாக்க வைத்துவிட்டுப் பேசினேன். இத்தனை நாளும் நீ நலம் விசாரித்தது எங்கள் மின்விசிறியை.

இப்போது நடந்த கூத்துக்கு வருகிறேன். மூன்று மாத்திரையில் ஆரம்பித்து இரண்டுக்கு வந்திருந்தேன். டாக்டரம்மா ஃபோனில், "இனிமே அரை அரையா கொறச்சிட்டு வாங்க" என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கேட்டோம். எனக்கு அது பாதி பாதியாக என்று பட்டது, இரண்டில் பாதி ஒன்று, ஒன்றில் பாதி அரை. முகம் சீக்கிரம் வற்றிவிடுமே என்ற ஆசை வேறு, இலக்கணம் ஆசைக்கு வளைந்து கொடுத்துவிட்டது. உன் அப்பாவுக்கோ அரை என்றால் அரைப்பதுதான். டாக்டர் அரைக்கச் சொல்கிறார் என்று ஒரே பிடி. "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று நான் கேட்க, "உனக்கு மிக்ஸி ஓட்டத் தெரியுமா?" என்று அவர் கேட்க, கடைசியில் சமாதானமாகப் போய்விட்டோம், என் கணக்குப்படி குறைப்பது, அவர் கணக்குப்படி அரைப்பது. அந்தத் துக்கடா மாத்திரையைப் பெரிய ஜாரில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார், பாதி மூடியில் ஒட்டிக்கொண்டது, மீதி பிளேடுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, மிக்ஸிக்கு மூட்டுவலி இருந்திருந்தால் அன்றே குணமாகியிருக்கும். டாக்டரம்மா சொன்னது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் அரை மாத்திரை மட்டும் குறைக்க வேண்டும், அதுவும் அவர் பார்த்துச் சொன்ன பிறகு. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு நாள் காலையில் பழையபடி கண் விழித்தேன், உடம்பில் ஒன்றும் அசையவில்லை. எழுப்பப் பார்த்தும் முடியாமல், கடையைத் திறந்துவிட்டு உடனே வந்துவிடுகிறேன் என்று உன் அப்பா போய்விட்டார். மேஜை மேல் ஃபோன் அடித்தது. நீதான் என்று தெரியும், அந்த நேரத்துக்கு வேறு யார் கூப்பிடுவார்கள். கை போகவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. அப்புறம் நீ அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாய், அவருக்குப் பொய் சொல்ல வராது, "உங்கம்மா எந்திரிக்க முடியாம கெடக்கா" என்று உடைத்துவிட்டார். அன்றுதான் நீ ராஜினாமா என்று எழுதினாய். நான் அழுதேன், மறைப்பானேன். வலிக்காக இல்லை. சின்னப் பிள்ளையாக நீ அடம்பிடித்து ஓட ஓட உன் கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்தவள் நான், என் கையை நீ நுழைக்க வேண்டி வந்துவிடுமோ, அதற்காக நீ அலையாய் அலைந்து வாங்கிய வேலையை விட்டுவிடுவாயோ என்று பயந்துதான் அழுதேன். பெண்பிள்ளைக்குப் பாலம் கட்டுகிற வேலை எதற்கு என்று சித்தி கேட்டபோது, ஆற்றைத் தாண்டத்தான் என்று பதில் சொன்னவளாச்சே நீ. டாக்டரம்மா எங்கள் கதையைக் கேட்டு முதலில் திட்டினார், மிக்ஸி கட்டம் வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் ஃபோனைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி இரண்டு மாத்திரையில் நிறுத்தியிருக்கிறார், முழுசாக விழுங்குகிறேன், இப்போது தலை நானே சீவிக்கொள்கிறேன். வகுப்பில் தலைப்பு திரும்ப மேலே ஏறிவிட்டது.

அதனால் ராஜினாமாவைக் கிழித்துப் போடு, பாதிப் பாலத்தில் ஆட்களை நிறுத்திவிட்டு வருகிற பெண் எனக்கு வேண்டாம். ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே, வெயிலில் கொஞ்சம் நில், எலும்புக்கு நல்லதாம், எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிவைக்கிறேன். நீ கட்டுகிற பாலத்தைப் போலவே நீயும் உறுதியாக, நெடுங்காலம், நாலு பேருக்கு உதவியாக இருக்க வேண்டும், கண்ணே.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வர வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று முறை அதை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன், இதற்குத் தோளைக் குறை சொல்ல முடியாது. வேலையை விடாமல், லீவு போட்டுவிட்டு, கொஞ்ச நாளைக்கு வா. ஓரெழுத்துதான், ஆனால் நெடில், இரண்டு மாத்திரை. எனக்கு இப்போது வேண்டியது அவ்வளவுதான்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
உப்பிய முகத்து அம்மா